கோதுமை, ரப்பர், வாக்கு: வெளிநாட்டு உதவியின் அரசியல்

ஓர் அரசு இன்னொரு நாட்டுக்கு நன்கொடையாகவோ, சந்தையைவிடக் குறைந்த வட்டிக் கடனாகவோ தரும் பணமும் பொருளும் தொழில்நுட்பமும் வெளிநாட்டு உதவி எனப்படுகின்றன. பணக்கார நாடுகளின் கூட்டமைப்பான ஓ.இ.சி.டி. 1969-ல் இதற்கு ஓர் இலக்கணம் வகுத்தது. பெறும் நாட்டின் பொருளாதார வளர்ச்சியும் மக்கள் நலனுமே முதன்மை நோக்கமாக இருக்க வேண்டும். ராணுவ உதவி கணக்கில் சேராது. அந்த இலக்கணப்படி 2024-ல் அதன் உதவிக் குழு உறுப்பு நாடுகள் கொடுத்தது சுமார் 21,200 கோடி டாலர். கேட்க மலைப்பாக இருந்தாலும், கொடுத்தவர்களின் மொத்த தேசிய வருமானத்தில் அது 0.33 சதவீதம்தான். 0.7 சதவீதம் கொடுக்க வேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபை 1970-லேயே தீர்மானம் போட்டிருந்தது. நார்வே, சுவீடன், டென்மார்க், லக்சம்பர்க் என விரல்விட்டு எண்ணக்கூடிய சில நாடுகளே அந்த இலக்கை நெடுங்காலமாக எட்டிவருகின்றன.

இலக்கணத்தில் மக்கள் நலன் முதலில் நிற்கிறது. பணம் போய்ச் சேரும் இடங்களைப் பார்த்தால் வேறு கணக்கு தெரிகிறது. வறுமைதான் அளவுகோல் என்றால் மிக ஏழை நாடுகளுக்கே அதிகம் போயிருக்க வேண்டும். அப்படிப் போகவில்லை. ஆல்பெர்டோ அலெசினா, டேவிட் டாலர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 2000-ல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. எந்த நாடு யாருக்கு ஏன் கொடுக்கிறது என்று அவர்கள் புள்ளிவிவரங்களை அலசினார்கள். பெறும் நாட்டின் ஏழ்மைக்கும் நல்லாட்சிக்கும் நிகராக, பல இடங்களில் அவற்றைவிட வலுவாக, இரண்டு காரணங்கள் வேலை செய்தன: அது முன்பு யாருடைய காலனி, ஐ.நா.வில் யாரோடு சேர்ந்து வாக்களிக்கிறது. பிரான்சின் பணம் அதன் முன்னாள் காலனிகளை நோக்கிப் போனது. அமெரிக்காவின் பணம் இஸ்ரேலையும் எகிப்தையும் நோக்கிப் போனது. வறுமையைப் பார்த்துக் கொடுப்பதில் ஸ்காண்டிநேவிய நாடுகள் மற்றவர்களைவிட மேலாக நின்றன.

இந்தப் போக்கை இன்னும் துல்லியமாகப் பிடித்த ஆய்வு 2006-ல் வந்தது. ஐ.நா. பாதுகாப்பு சபையில் நிரந்தர உறுப்பினர்கள் ஐவர் போக, பத்து இடங்கள் சுழற்சி முறையில் இரண்டு ஆண்டுகளுக்கு மற்ற நாடுகளுக்குக் கிடைக்கின்றன. இலியானா குசியெம்கோ, எரிக் வெர்க்கர் ஆகியோர் இந்தப் பத்து இடங்களைக் கவனித்தார்கள். ஒரு வளரும் நாடு அந்த நாற்காலியில் அமரும்போது அதற்கு வரும் அமெரிக்க உதவி சராசரியாக 59 சதவீதம் உயர்கிறது, ஐ.நா. அமைப்புகளின் உதவியும் 8 சதவீதம் உயர்கிறது. இரண்டு ஆண்டுகள் முடிந்து நாற்காலி போனதும் உதவியும் பழைய அளவுக்கு இறங்குகிறது. அந்த நாட்டின் மழையளவோ வறுமையோ இரண்டு ஆண்டுகளுக்கு மட்டும் மாறிப் பழையபடி ஆவதில்லை. மாறுவது அதன் வாக்கின் விலைதான்.

அந்த விலை ஒருமுறை வெளிப்படையாகவே பேசப்பட்டது. 1990 நவம்பர் 29-ல், குவைத்திலிருந்து ஈராக்கை வெளியேற்றப் படைபலத்தை அனுமதிக்கும் 678-ஆம் தீர்மானம் பாதுகாப்பு சபைக்கு வந்தது. அப்போது சபையில் இருந்த ஒரே அரபு நாடு யேமன். வடக்கும் தெற்கும் இணைந்து ஆறு மாதமே ஆன, மிக ஏழை நாடு. அது கியூபாவோடு சேர்ந்து எதிர்த்து வாக்களித்தது. இதுவே நீங்கள் அளித்த வாக்குகளிலேயே விலை அதிகமானதாக இருக்கும் என்ற எச்சரிக்கை யேமன் தூதருக்கு அமெரிக்கத் தரப்பிலிருந்து அங்கேயே கிடைத்தது. அமெரிக்கா தந்துவந்த ஏறத்தாழ 7 கோடி டாலர் உதவி நின்றது. அதே நெருக்கடியில் யேமனின் நிலைப்பாட்டால் சினமுற்ற சவூதி அரேபியா குடியிருப்பு விதிகளை மாற்ற, சுமார் 8 லட்சம் யேமன் தொழிலாளர்கள் ஊர் திரும்ப நேர்ந்தது. எதிர்ப்பக்கத்தில் எகிப்து இருந்தது. போருக்குப் படை அனுப்பிய அந்த நாட்டின் சுமார் 700 கோடி டாலர் ராணுவக் கடனை அமெரிக்கா தள்ளுபடி செய்தது. கடன் கொடுத்த மற்ற நாடுகளும் 1991-ல் தங்கள் கடனைப் பாதியாகக் குறைக்க ஒப்புக்கொண்டன.

பனிப்போர் போட்ட பாதை

இந்த வழக்கம் 1990-ல் தொடங்கியதல்ல. இரண்டாம் உலகப் போரில் சிதைந்த மேற்கு ஐரோப்பாவை நிமிர்த்த 1948-ல் தொடங்கிய மார்ஷல் திட்டம் நான்கு ஆண்டுகளில் சுமார் 1,300 கோடி டாலரைக் கொடுத்தது. பசியும் வேலையின்மையும் கம்யூனிஸ்டுகளுக்கு வழி திறந்துவிடும் என்ற அச்சமே அமெரிக்கக் காங்கிரஸை அவ்வளவு பெரிய தொகைக்குச் சம்மதிக்க வைத்தது. 1949 ஜனவரியில் அதிபர் ட்ரூமன் தன் பதவியேற்பு உரையின் நான்காவது அம்சமாக ஏழை நாடுகளுக்குத் தொழில்நுட்ப உதவியை அறிவித்தார். வளரும் நாடுகளுக்கான அமெரிக்க உதவி அங்கிருந்து விரிந்தது.

அந்த உதவியின் நிபந்தனைகளை இலங்கை மிகச் சீக்கிரமே சந்தித்தது. கொரியப் போரின் ஆரம்பத்தில் ஏறிய ரப்பர் விலை 1952 வாக்கில் சரிந்தது. அரிசி விலையோ ஏறிக்கொண்டிருந்தது. ரப்பரை விற்று அரிசி வாங்கிய தீவுக்கு இரண்டு பக்கமும் அடி. மறுபக்கம் சீனாவுக்கு ரப்பர் தேவைப்பட்டது. ஆனால் போர்ப் பயனுள்ள பொருள்களை அதற்கு விற்கக் கூடாது என்று ஐ.நா. தடை போட்டிருந்தது. இலங்கை அப்போது ஐ.நா. உறுப்பினரே அல்ல. 1952 டிசம்பரில் இரு நாடுகளும் ரப்பர்–அரிசி ஒப்பந்தம் செய்துகொண்டன. இலங்கையின் ரப்பருக்குச் சந்தையைவிட நல்ல விலை, பதிலுக்கு ஆண்டுக்கு 2,70,000 டன் அரிசி. ஒப்பந்தம் செய்தது இடதுசாரி அரசு அல்ல. மேற்கத்திய சார்புடைய ஐக்கிய தேசியக் கட்சியின் டட்லி சேனநாயக்க அரசு. இருந்தும், கம்யூனிஸ்ட் நாடுகளுக்கு இத்தகைய பொருள்களை விற்பவர்களுக்கு உதவி கிடையாது என்ற அமெரிக்கச் சட்டத்தால் 1956 வரை இலங்கைக்கு அமெரிக்க உதவி வரவில்லை.

அடுத்த பத்தாண்டில் இதே தீவு இன்னும் இரண்டு முறை இதே மாதிரியான கதவடைப்பைப் பார்த்தது. சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு 1962-ல் எஸ்ஸோ, கால்டெக்ஸ், ஷெல் நிறுவனங்களின் பெட்ரோல் விற்பனை நிலையங்களையும் சொத்துகளையும் கையகப்படுத்தத் தொடங்கியது. உரிய இழப்பீடு தராமல் அமெரிக்கச் சொத்தை எடுக்கும் நாட்டுக்கு உதவியை நிறுத்த வேண்டும் என்ற ஹிக்கன்லூப்பர் திருத்தம் அதே ஆண்டு அமெரிக்காவில் சட்டமாகியிருந்தது. 1963 பிப்ரவரியில் அந்தத் திருத்தம் முதன்முதலாகப் பயன்படுத்தப்பட்டது இலங்கை மீதுதான். 1965 தேர்தலில் ஆட்சி மாறி, இழப்பீடு முடிவான பிறகே உதவி திரும்பியது. இடையில் 1964-ல் கிழக்கு ஜெர்மனி கொழும்பில் துணைத் தூதரகம் வைக்க இலங்கை அனுமதித்ததற்காக மேற்கு ஜெர்மனி தன் வளர்ச்சி உதவியை நிறுத்தியது. ரப்பர், பெட்ரோல், ஒரு தூதரகம் என்று மூன்று முறையும் காரணம் வேறு. தீவு மக்களின் தேவை எந்த முறையும் குறைந்திருக்கவில்லை.

அணிசேராக் கொள்கையோடு நின்ற பெரிய நாடான இந்தியா இந்தப் போட்டியைத் தனக்குச் சாதகமாக்கிக்கொள்ள முடிந்தது. பிலாய் எஃகு ஆலை சோவியத் உதவியில் எழுந்தது. ரூர்கேலாவுக்கு மேற்கு ஜெர்மனியும் துர்காபூருக்கு பிரிட்டனும் வந்தன. ஐ.ஐ.டி.க்களிலும் இதே வரிசை: பம்பாய்க்கு சோவியத் யூனியன், கான்பூருக்கு அமெரிக்கா, டெல்லிக்கு பிரிட்டன், சென்னைக்கு மேற்கு ஜெர்மனி. 1959-ல் தொடங்கிய சென்னை ஐ.ஐ.டி.க்கு ஜெர்மானியப் பேராசிரியர்களும் பட்டறை இயந்திரங்களும் வந்து சேர்ந்த அதே காலத்தில், நெய்வேலி அனல்மின் நிலையத்தில் சோவியத் பொறியாளர்கள் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு முகாம்களும் ஒன்றையொன்று முந்த நினைத்ததால் தமிழகத்துக்குக் கிடைத்த லாபம் அது.

போட்டி எப்போதும் இப்படி நல்லதாகவே முடிந்துவிடவில்லை. எகிப்தின் அஸ்வான் உயர் அணைக்குப் பணம் தருவதாக 1955 டிசம்பரில் சொன்ன அமெரிக்கா, எகிப்தியத் தலைவர் நாசர் சோவியத் முகாமிடம் ஆயுதம் வாங்கியது, மக்கள் சீனத்தை அங்கீகரித்தது ஆகியவற்றால் எரிச்சலுற்று 1956 ஜூலை 19-ல் பின்வாங்கியது. ஒரே வாரத்தில், ஜூலை 26-ல், நாசர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கினார். அதிலிருந்து ஒரு போரே மூண்டது. அணையைக் கட்டிக்கொடுத்தது சோவியத் யூனியன்.

கப்பலிலிருந்து வாய்க்கு

அரசியல் எவ்வளவு நெருக்கமாக ஒரு நாட்டின் உலைக்குள் நுழையும் என்பதற்கு இந்தியா சாப்பிட்ட அமெரிக்கக் கோதுமையைவிடத் தெளிவான சான்று இல்லை. 1954-ல் அதிபர் ஐசன்ஹோவர் கையெழுத்திட்ட பொதுச் சட்டம் 480, பி.எல். 480 என்ற பெயரில் இந்தியச் செய்தித்தாள்களில் அன்றாடச் சொல்லானது. அமெரிக்க விவசாயிகளுக்கு அரசு உத்தரவாத விலை கொடுத்ததால் கிடங்குகளில் தானியம் மலையாகக் குவிந்திருந்தது. அதை உள்நாட்டில் விற்றால் விலை விழும். டாலர் இல்லாத நாடுகளுக்கு அவரவர் நாணயத்திலேயே விற்றால் கிடங்கும் காலியாகும், நட்பும் கிடைக்கும். இந்தியா 1956-ல் முதல் ஒப்பந்தம் செய்தது. 1960 மே மாத ஒப்பந்தம் மட்டும் நான்கு ஆண்டுகளுக்கு 1.7 கோடி டன் தானியத்துக்கானது. இதே உபரிக் களஞ்சியத்திலிருந்து 1961 முதல் கேர் என்ற தொண்டு அமைப்பு வழியாக வந்த பால் பவுடரும் மாவும் எண்ணெயும் தமிழகப் பள்ளிகளின் மதிய உணவுக்கும் கைகொடுத்தன. அந்தப் பாலைக் குடித்து வளர்ந்த தலைமுறைக்கு அது நிஜமான உதவி. அதை மறுக்க யாருக்கும் காரணம் இல்லை.

1965-ல் இரண்டு விஷயங்கள் சேர்ந்து வந்தன. பருவமழை பொய்த்து, முந்தைய ஆண்டில் 8.9 கோடி டன்னாக இருந்த உணவு தானிய விளைச்சல் 7.2 கோடி டன்னுக்கு விழுந்தது. செப்டம்பரில் இந்தியா–பாகிஸ்தான் போர் வெடித்தது. அமெரிக்கா இரு நாடுகளுக்கும் புதிய உதவிகளை நிறுத்தியது. தானிய ஒப்பந்தம் அந்த ஜூன் மாதத்தோடு முடிந்திருந்தது. அதிபர் லிண்டன் ஜான்சன் அதை நீண்ட காலத்துக்குப் புதுப்பிக்க மறுத்து, மாதக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகவே அனுமதி கொடுத்தார். மாட்டைக் குட்டைக் கயிற்றில் கட்டுவது போன்ற இந்த ஏற்பாட்டுக்கு அவருடைய அதிகாரிகளிடையே வழங்கிய பெயரும் குட்டைக் கயிறு என்பதே. எந்தக் கப்பல் எப்போது கிளம்பும் என்பதை ஜான்சன் தாமே பார்த்து முடிவு செய்தார்.

அவர் கேட்டவை பல. இந்தியா தொழிற்சாலைகளை விட்டு விவசாயத்தில் முதலீட்டைக் கூட்ட வேண்டும். உர ஆலைகளில் வெளிநாட்டு முதலீட்டை அனுமதிக்க வேண்டும். வியட்நாம் போரை விமர்சிப்பதை நிறுத்த வேண்டும். முதல் கோரிக்கைக்கு இந்தியாவிலேயே ஆதரவாளர்கள் இருந்தார்கள். உணவு அமைச்சர் சி. சுப்பிரமணியம் உயர்விளைச்சல் விதை, உரம், நியாய விலை என்ற திட்டத்தோடு டெல்லியில் போராடிக்கொண்டிருந்தார். 1965 நவம்பரில் ரோம் நகரில் அவரும் அமெரிக்க விவசாய அமைச்சர் ஆர்வில் ஃப்ரீமனும் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டார்கள். அது வெளியே சொல்லப்படவில்லை. அந்த உடன்பாட்டின் அம்சங்கள் பெரும்பாலும் சுப்பிரமணியம் தாமே கொண்டுவர நினைத்தவை. அமெரிக்க அழுத்தம் அவருக்கு அமைச்சரவைக்குள் ஒரு துணைபோல ஆனது. 1966-ல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதை வந்து இறங்கியது. பசுமைப் புரட்சியின் தொடக்கம் அது.

அரசியல் கோரிக்கையின் விளைவு வேறு மாதிரி இருந்தது. 1966-ல் இந்தியா ஒரு கோடி டன்னுக்கு மேல் தானியம் இறக்குமதி செய்தது. கப்பலில் வந்தது துறைமுகத்திலிருந்து நேராக ரேஷன் கடைக்குப் போனதால் கப்பலிலிருந்து வாய்க்கு என்ற தொடர் பத்திரிகைகளில் நிலைத்தது. இருப்பு என்று ஒன்று இல்லாத நிலையில் ஒரு கப்பல் தாமதித்தால் ஒரு மாவட்டம் தவிக்கும். அந்த ஆண்டு ஜூன் 6-ல், உலக வங்கியும் அமெரிக்காவும் வலியுறுத்திவந்தபடி, ரூபாயின் மதிப்பு டாலருக்கு 4.76-லிருந்து 7.50-ஆகக் குறைக்கப்பட்டது. அதற்கு ஈடாக எதிர்பார்க்கப்பட்ட உதவி அந்த அளவில் தொடரவில்லை. வியட்நாமில் குண்டுவீச்சை நிறுத்தக் கோரி இந்தியா குரல் கொடுத்ததும் கயிறு மேலும் இறுகியது. பீகார் வறட்சியில் வாடிய மாதங்களிலும் கப்பல்கள் கடைசி நேரம்வரை காத்திருந்தன.

வாஷிங்டன் எதிர்பார்த்த பணிவு வரவில்லை. தானியத்துக்கு வேறொருவரை எதிர்பார்க்கும் நாட்டுக்கு வெளியுறவுக் கொள்கை கிடையாது என்ற முடிவு எல்லாக் கட்சிகளிலும் வேரூன்றியது. 1971-ன் இறுதியில் இந்தியா சலுகை தானிய இறக்குமதியை நிறுத்திக்கொண்டது. கோதுமைக்கு விலையாகச் சேர்ந்து அமெரிக்கத் தூதரகக் கணக்கில் கிடந்த ரூபாயில் பெரும்பகுதியை 1974 பிப்ரவரியில் தூதர் டேனியல் மொய்னிஹான் ஒரே காசோலையில் இந்தியாவுக்குத் திருப்பிக் கொடுத்தார். தொகை 1,664 கோடி ரூபாய். உலகின் மிகப் பெரிய காசோலை என்று சாதனைப் புத்தகத்தில் ஏறியது.

இந்தியாவுக்குத் தப்பிக்க நிலமும் விதையும் இருந்தன. 1974-ல் வங்கதேசத்துக்கு அவை இல்லை. விடுதலை பெற்று மூன்றே ஆண்டுகள். அந்த ஆண்டு வெள்ளத்தில் ரங்பூர், மைமன்சிங் பகுதிகள் மூழ்கின. கூலி வேலை போனது, அரிசி விலை எகிறியது. அமெரிக்க தானியம் வர வேண்டிய நேரத்தில் ஒரு சட்டச் சிக்கல் கிளப்பப்பட்டது. வங்கதேசம் கியூபாவுக்கு 40 லட்சம் சணல் சாக்குகளை விற்றிருந்தது. கியூபாவோடு வணிகம் செய்யும் நாட்டுக்கு பி.எல். 480 தானியம் தரக் கூடாது என்பது விதி. டாக்கா அரசு இனி விற்பதில்லை என்று உறுதி கொடுத்து, அது ஏற்கப்பட்டு, கப்பல்கள் வந்து சேர்வதற்குள் பஞ்சத்தின் கொடிய மாதங்கள் கடந்துவிட்டன. நாடெங்கும் ஏறக்குறைய 6,000 கஞ்சித் தொட்டிகள் திறக்கப்பட்டன. 40 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அவற்றை நம்பியிருந்தார்கள். இறந்தவர்கள் 26,000-க்கும் மேல் என்று அரசே ஒப்புக்கொண்டது. வெளி மதிப்பீடுகள் பல லட்சம் என்கின்றன. கூலியாட்களின் வாங்கும் சக்தி சரிந்ததும், பதுக்கலும், அரசின் திறமைக்குறைவும் இந்தப் பஞ்சத்துக்குப் பெருங்காரணங்கள் என்பதை அமர்த்தியா சென் காட்டியிருக்கிறார். அரசின் கையில் தானியம் இருந்திருந்தால் விலையையும் பதுக்கலையும் ஓரளவு அடக்கியிருக்கலாம் என்பதும் உண்மை. அதே ஆண்டுகளில் அமெரிக்க உணவு உதவியின் பெரும்பங்கு தெற்கு வியட்நாமுக்கும் கம்போடியாவுக்கும் போய்க்கொண்டிருந்தது. சாக்கு விற்ற குற்றத்துக்குக் கூலி வேலை செய்யும் குடும்பங்கள் கொடுத்த விலை, இந்த வரலாற்றில் மன்னிக்க முடியாத பக்கம்.

போய்ச் சேர்ந்த பின் என்ன ஆகிறது

அரசியல் நோக்கம் உதவியைத் திருப்பிவிடுவதோடு நிற்பதில்லை. போய்ச் சேர்ந்த உதவி பயன் தருமா என்பதையும் அது பாதிக்கிறது. கொடுப்பவருக்கு வேண்டியது ஆட்சியாளரின் ஒத்துழைப்பு மட்டும் என்றால், பணம் எங்கே போனது என்று கேட்கும் உரிமையை அவர் தாமாகவே இழந்துவிடுகிறார். காங்கோவை 1965 முதல் 1997 வரை ஆண்ட மொபுட்டு இதற்கு முழு உதாரணம். சாயிர் என்று பெயர் மாற்றப்பட்ட அந்த நாடு தாமிரமும் கோபால்ட்டும் நிறைந்தது. அங்கோலாவில் சோவியத் ஆதரவு அரசை எதிர்த்தவர்களுக்குப் பின்தளம். 1978-ல் பன்னாட்டு நிதியம் எர்வின் புளூமெந்தால் என்ற ஜெர்மன் வங்கியாளரை சாயிர் மத்திய வங்கியைச் சீர்செய்ய அனுப்பியது. ஓராண்டில் வெளியேறிய அவர், ஊழல் ஆட்சியின் உச்சிவரை ஊறிப்போயிருப்பதால் கடன் கொடுத்தவர்களுக்குப் பணம் திரும்பாது என்று அறிக்கை எழுதினார். 1982-ல் அது வெளிப்பட்டது. அதன் பிறகும் கடன் போய்க்கொண்டே இருந்தது. மொபுட்டு தன் சொந்த ஊரான பாடோலிட்டேயில் அரண்மனைகளும் கான்கார்டு விமானம் இறங்கும் ஓடுதளமும் கட்டிக்கொண்டார். பனிப்போர் முடிந்ததும், 1990-களின் தொடக்கத்தில், மேற்கத்திய நாடுகள் ஊழலைக் காரணம் காட்டி உதவியை வெட்டின. ஊழல் புதிதாக வந்ததல்ல, தேவை தீர்ந்திருந்தது.

கொடுப்பவரின் வணிக நலன் இதைவிட அமைதியாக வேலை செய்கிறது. கொடுத்த பணத்தை எங்கள் நாட்டுக் கம்பெனிகளிடமே செலவழிக்க வேண்டும் என்ற நிபந்தனை, திட்டச் செலவை 15 முதல் 30 சதவீதம்வரை கூட்டுவதாக ஓ.இ.சி.டி. மதிப்பிட்டிருக்கிறது. அமெரிக்க உணவு உதவியில் பாதியாவது அமெரிக்கக் கொடி பறக்கும் கப்பல்களில்தான் போக வேண்டும் என்பது சட்டம். பட்டினி கிடப்பவருக்குப் போகவேண்டிய பணத்தில் ஒரு பங்கு கப்பல் வாடகையாகிவிடுகிறது. மலேசியாவின் பெர்காவ் அணைக்கு பிரிட்டன் 23.4 கோடி பவுண்டு ஒதுக்கியதும் இந்த வகைதான். அந்த மின்சாரம் கட்டுப்படியாகாது என்று பிரிட்டிஷ் உதவித் துறையின் தலைமை அதிகாரி டிம் லாங்கெஸ்டர் 1991-ல் எழுத்து மூலம் எதிர்த்தார். அமைச்சர்கள் கேட்கவில்லை. 1988-ல் மார்கரெட் தாட்சர் அரசு மலேசியாவோடு செய்த 100 கோடி பவுண்டுக்கும் மேலான ஆயுத விற்பனையோடு இந்த உதவி முடிச்சுப் போடப்பட்டிருந்தது. 1994 நவம்பரில் லண்டன் உயர் நீதிமன்றம் இந்த ஒதுக்கீடு சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. உதவிப் பணத்துக்காக ஓர் அரசு தன் சொந்த நீதிமன்றத்தில் தோற்பது அபூர்வம். உதவிக்குத் தனி அமைச்சகம் 1997-ல் வந்ததற்கும், வறுமை ஒழிப்பே உதவியின் நோக்கம் என்ற 2002 சட்டத்துக்கும் இந்தத் தீர்ப்பு ஒரு பின்புலம்.

பெறும் நாட்டுக்குள்ளும் அரசியல் உண்டு. ஆப்பிரிக்காவில் சீன உதவி எங்கே போகிறது என்று ஆக்சல் ட்ரெஹரும் கூட்டாளிகளும் ஆராய்ந்தபோது, ஆட்சித் தலைவர் பிறந்த பகுதிக்கு அவர் பதவியில் இருக்கும் காலத்தில் பணம் கூடுவது தெரிந்தது. உலக வங்கித் திட்டங்களில் அந்தச் சாய்வு காணப்படவில்லை. கேள்வி கேட்காமல் கொடுப்பது என்பதன் பொருள், எங்கே செலவழிப்பது என்பதைத் தலைவரிடமே விட்டுவிடுவது. இலங்கையின் அம்பாந்தோட்டையை இந்தக் கண்ணோட்டத்தில் பார்ப்பது பொருந்தும். அன்றைய அதிபர் மகிந்த ராஜபக்சவின் சொந்த மாவட்டத்தில் சீனக் கடனில் துறைமுகமும் மத்தல விமான நிலையமும் எழுந்தன. துறைமுகத்தின் முதல் கட்டக் கடனுக்கு வட்டி 6.3 சதவீதம், எனவே ஓ.இ.சி.டி. இலக்கணப்படி அது உதவியே அல்ல, வணிகக் கடன். கடனைக் கட்ட முடியாமல் சீனா துறைமுகத்தைப் பறித்துக்கொண்டது என்று பரவலாகச் சொல்லப்படுவதும் சரியல்ல. 2017-ல் 112 கோடி டாலருக்கு 99 ஆண்டுக் குத்தகை கொடுக்கப்பட்டது. அந்தப் பணம் அந்நியச் செலாவணி இருப்பில் சேர்ந்தது, கடன் அப்படியே நின்றது. அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததில் கொழும்பின் அரசியலுக்கு இருந்த பங்கை பீஜிங்கின் மேல் சுமத்திவிட முடியாது.

இவற்றையெல்லாம் வைத்து, அரசியல் நோக்கத்தோடு கொடுத்த உதவி பாழ்தான் என்று முடிவுகட்டினால் அதுவும் தவறு. தென் கொரியாவுக்கும் தைவானுக்கும் 1950-களில் கொட்டிய அமெரிக்கப் பணம் முற்றிலும் அரசியல் பணம். ஆனால் எல்லைக்கு அப்பால் வடகொரியாவும் சீனாவும் நின்றதால், இந்த இரண்டு நாடுகளும் உண்மையிலேயே வளர்ந்து காட்ட வேண்டியது அமெரிக்காவின் தேவையாக இருந்தது. நிலச் சீர்திருத்தம் நடந்தது. உரமும் பள்ளிக்கூடமும் கிராமம்வரை போயின. உதவி என்றென்றும் வராது என்ற அறிவிப்பும் கூடவே வந்தது. தைவானுக்கான பொருளாதார உதவி 1965-ல் நின்றது. தென் கொரியா 2010-ல் ஓ.இ.சி.டி.யின் உதவிக் குழுவில், கொடுக்கும் நாடாக, சேர்ந்தது. கொடுப்பவருக்கு ஆட்சியாளரின் தலையசைப்பு போதுமா, அந்த நாடே தழைக்க வேண்டுமா என்பதில்தான் சாயிருக்கும் கொரியாவுக்கும் இடையிலான வேறுபாடு பெரிதும் அடங்கியிருக்கிறது.

பெரிதும் என்றுதான் சொல்ல முடியும். ஆப்கானிஸ்தான் நிலைபெற வேண்டும் என்று அமெரிக்கா உண்மையாகவே விரும்பி, 20 ஆண்டுகளில் மறுசீரமைப்புக்கு 14,000 கோடி டாலருக்கு மேல் செலவிட்டது. அரசுச் செலவில் முக்கால் பங்கு வெளிநாட்டு மானியத்தில் நடந்தது. மக்களிடம் வரி வாங்கி மக்களுக்குப் பதில் சொல்லும் அவசியம் காபூல் அரசுக்கு எழவில்லை. 2021 ஆகஸ்டில் அது சில நாட்களில் சரிந்தது. பாதுகாப்பு சபை உறுப்பினராக இருக்கும் காலத்தில் வந்த உதவி, மற்ற காலங்களில் வந்ததைவிட வளர்ச்சிக்குக் குறைவாகவே பயன்படுகிறது என்று ட்ரெஹர் குழுவின் பின்னைய ஆய்வொன்று காட்டியதும் இதே திசையில்தான். அவசரமாகக் கொடுத்த பணம் திட்டத்தின் தரத்தைப் பார்ப்பதில்லை.

அரசியல் தலையீடு மிகக் குறைவாக இருந்த இடம் நோய் ஒழிப்பு. பனிப்போரின் நடுவிலேயே பெரியம்மை ஒழிப்புக்கு சோவியத் யூனியன் 100 கோடிக்கும் மேற்பட்ட தடுப்பூசி அளவுகளைக் கொடுக்க, அமெரிக்கா பணமும் வல்லுநர்களும் தந்தது. 2003-ல் தொடங்கிய அமெரிக்க எச்.ஐ.வி. திட்டம் ஆப்பிரிக்காவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோருக்கு மருந்து கிடைக்கச் செய்தது. எத்தனை பேர் மாத்திரை வாங்கினார்கள், எத்தனை குழந்தைகள் தொற்றில்லாமல் பிறந்தன என்று எண்ணிப் பார்க்க முடிந்ததால் இத்தகைய திட்டங்களில் ஏமாற்றுவது கடினம்.

2025-ல் காற்று வேறு திசையில் வீசத் தொடங்கியது. ஜனவரியில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியை 90 நாட்களுக்கு நிறுத்தியது. அதிபர் கென்னடி 1961-ல் தொடங்கிய யு.எஸ்.எய்டு நிறுவனம் ஜூலை 1-ல் மூடப்பட்டு, மிஞ்சிய பணிகள் வெளியுறவுத் துறைக்குள் கரைக்கப்பட்டன. பிரிட்டன் தன் தனி உதவி அமைச்சகத்தை 2020-லேயே வெளியுறவுத் துறையோடு இணைத்திருந்தது, 2021-ல் 0.7 சதவீத ஒதுக்கீட்டை 0.5 ஆக்கியது. 2025 பிப்ரவரியில், ராணுவச் செலவைக் கூட்டுவதற்காக அதை 2027-க்குள் 0.3 சதவீதமாக வெட்டப்போவதாக அறிவித்தது. கொடுப்பதாகக் கணக்குக் காட்டும் பணமும் முழுதாக வெளியே போவதில்லை. வந்து சேரும் அகதிகளுக்கு முதல் ஓராண்டில் தன் நாட்டிலேயே செய்யும் செலவையும் உதவி என்று எழுத விதி இடம் தருகிறது. 2022-ல் பிரிட்டிஷ் உதவியில் 29 சதவீதம் இப்படி பிரிட்டனுக்குள்ளேயே செலவானது.

பெறும் நாடுகள் இதற்கு ஏற்பத் தங்கள் வரவுசெலவைத் திருத்திக்கொண்டிருக்கின்றன. எச்.ஐ.வி., காசநோய், மலேரியா சிகிச்சைக்கு அமெரிக்கப் பணத்தை நம்பியிருந்த நைஜீரியாவின் நாடாளுமன்றம், 2025 பிப்ரவரியில் அந்த ஆண்டின் சுகாதார ஒதுக்கீட்டில் கூடுதலாக 20 கோடி டாலரைச் சேர்த்தது.